டெலிஹேண்ட்லரின் சுமை அட்டவணை தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை நகரிலும் திருமங்கலம், மேலூர் சாலைகளிலும் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றில், சித்தாள்கள் தலையில் சுமந்தும் வின்ச்சில் இழுத்தும் ஏற்றிவந்த கற்களையும் கம்பிகளையும் இப்போது டெலிஹேண்ட்லர் என்ற எந்திரம் சில நிமிடங்களில் மாடிக்குக் கொண்டுசேர்க்கிறது. முன்புறம் சுமையை ஏந்தும் இரும்பு முட்களான இரண்டு ஃபோர்க், அவற்றைத் தாங்கி அடுக்கடுக்காக நீளும் கை போன்ற ஒரு பூம், நான்கு பெரிய டயர்கள் என்று அமைந்த இந்த வண்டியையும் தளத்தில் பலர் ஜேசிபி என்றே அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் கேடில்லை. மண் தோண்டும் வண்டியை ஓட்டியவருக்கு இதுவும் ஓட்ட வரும் என்று எண்ணி அவரை இருக்கையில் ஏற்றிவிடுவதுதான் கேடு. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வைப் பணி செய்பவன் என்ற முறையில், இவ்வண்டி தொடர்பாக ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது நம் ஊரில் கேட்கப்படுபவை இரண்டே கேள்விகள்: எத்தனை டன், மணிக்கு எவ்வளவு. "நாலு டன் வண்டி" என்று பதில் வந்துவிட்டால், நான்கு டன்னுக்குக் குறைவான எதையும் அது எங்கு வேண்டுமானாலும் தூக்கிவைக்கும் என்று மேஸ்திரி முதல் முதலாளி வரை நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நான்கு டன் என்பது, பூம் உள்ளிழுக்கப்பட்டு, சுமை முன் டயருக்கு அருகில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும் அளவு. பதினேழு மீட்டர் உயரம் எட்டும் நான்கு டன் வண்டிகள் பலவற்றில், வண்டி அசையாமல் நிற்க முன்புறம் தரையில் இறக்கும் ஜாக்கிக் கால்களை ஊன்றியிருந்தாலும்கூட, பூமை முன்னோக்கி முழுவதும் நீட்டிய நிலையில் ஒரு டன்னைத் தூக்கவும் அனுமதி இல்லை. முன் டயர்களோ, ஊன்றிய ஜாக்கிகளோதான் அங்கே தாங்குபுள்ளி. சந்தைகளில் முன்பு புழங்கிய தூக்குக்கோலில் குண்டு சற்றே நகர்ந்ததும் கோல் சாய்வதைப் போல, சுமை அந்தப் புள்ளியை விட்டு விலக விலக வண்டியின் பின்பாரம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எத்தனை கிலோ என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதே சுமை அட்டவணை. தளத்தில் லோடு சார்ட் என்பார்கள். ஓட்டுநர் அறையில் அது இருந்தாக வேண்டும். பல வண்டிகளில் இருக்கவும் செய்கிறது: ஆங்கிலத்தில், வெயிலில் வெளுத்துப்போய்.

அட்டவணையைப் படிக்கத் தெரிந்தாலும் சுமையின் எடை தெரியாவிட்டால் பயனில்லை. எடையைக் கணக்கிடுவது கடினமும் அன்று. சிமெண்டு மூட்டை 50 கிலோ என்பதால் முப்பது மூட்டை அடுக்கிய பலகை ஒன்றரை டன். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ, ஆகவே 12 மீட்டர் நீளக் கம்பிகள் நூறு சேர்ந்த கட்டு ஒரு டன்னைத் தாண்டிவிடும். செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ, நனைந்திருந்தால் அதற்கும் மேல். இத்துடன், சுமையின் நடுப்பகுதி ஃபோர்க்கின் செங்குத்தான முதுகிலிருந்து 500 அல்லது 600 மி.மீ. தூரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே அட்டவணை போடப்படுகிறது. பலகையை ஃபோர்க்கின் நுனியில் ஏந்தினால் அந்தக் கணக்கு செல்லாது. ஃபோர்க்கைக் கழற்றிக் கொக்கியோ பக்கெட்டோ மாட்டினால் அதற்குத் தனி அட்டவணை உண்டு.

வண்டி கவிழும் நிலையை நெருங்கும்போது ஓட்டுநர் அறையில் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணி ஒலித்ததும் சுமையை இறக்கிவிடலாம் என்று ஓட்டுநரின் கை தானாகவே பூமைத் தாழ்த்தப் போகிறது. நிமிர்ந்து நீண்டிருக்கும் பூமைத் தாழ்த்தினால் சுமை கீழே மட்டும் வருவதில்லை, முன்னோக்கியும் போகிறது. காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் அந்த அசைவே வண்டியைக் கவிழ்த்துவிடும். முதலில் உள்ளிழுக்க வேண்டும், அதன் பிறகே தாழ்த்த வேண்டும். இந்த ஒரு வரிசையை மட்டும் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க அரைநாள் பயிற்சி போதும், ஆனால் அந்த அரைநாளுக்கும் வாடகை ஓடுகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்களே அதிகம். மேலும், பெரும்பாலான வண்டிகளில் அந்த மணி, பின் அச்சின் மீதுள்ள பாரம் குறைவதை அளந்து ஒலிப்பது. முன்னோக்கிக் கவிழ்வதைத்தான் அது அறியும், பக்கவாட்டில் சாய்வதை அறியாது. "மணி அடிக்கவில்லையே" என்ற வாதத்தைத் தளங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். தொல்லை என்று மணியின் ஒயரையே கழற்றிவிட்ட வண்டிகளும் உண்டு. அவற்றைத் தளத்துக்குள் விடாமல் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கவாட்டுச் சாய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான் அது கொடியது. வண்டி ஒரு டிகிரி சாய்ந்து நின்றால், 15 மீட்டர் உயரத்தில் உள்ள சுமை 26 செ.மீ. பக்கவாட்டில் விலகுகிறது, மூன்று டிகிரியில் அது ஏறக்குறைய 80 செ.மீ. ஆகிவிடும். பூமை உயர்த்துவதற்கு முன்பே மட்டக்குமிழியைப் பார்த்து வண்டியைச் சமப்படுத்த வேண்டுமே தவிர, சுமை மேலே போன பிறகு சரிசெய்ய முயலக் கூடாது. இதில் நம் பகுதியின் மண்ணுக்குத் தனிப் பங்கு உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல், கோடையில் பிளந்து இறுகிக் கிடந்தாலும் ஐப்பசி மழையில் குழைந்துவிடுகிறது. காலையில் வண்டியைத் தாங்கிய அதே இடம் மாலை மழைக்குப் பின் தாங்காது. கண்மாயை ஒட்டிய மனைகளில் லாரி லாரியாகக் கொட்டி நிரப்பிய மண், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி மூடிய இடம், மேலே சிமெண்டு பூசி மறைத்த செப்டிக் டேங்க் ஆகிய மூன்றும் ஜாக்கியின் கீழ் இருக்கவே கூடாதவை. பத்து டன்னைத் தாண்டும் வண்டி சுமையோடு முன்னோக்கி நீளும்போது, மொத்த எடையில் பெரும்பகுதி முன்னால் உள்ள இரண்டு ஜாக்கித் தட்டுகளின் மீது இறங்குகிறது. அவற்றுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளையோ இரும்புத் தகடுகளையோ பரப்புவது செலவே இல்லாத காரியம். எந்தத் தளத்திலும் அவை கிடக்கும்.

சுமை மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பதும் இல்லை. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன. ஒன்றரை டன் பலகையை ஒன்றேகால் சதுர மீட்டருக்குள் இறக்கிவைத்தால், அந்த இடத்தில் அதைப்போல ஆறு மடங்கு அழுத்தம் விழுகிறது. கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத தளம், கீழே சென்ட்ரிங் முட்டு பாதி பிரித்த நிலை என்றால் கேட்கவே வேண்டாம். எங்கே இறக்குவது, எப்படிப் பரப்பி வைப்பது என்பதைக் கட்டடப் பொறியாளர் முன்கூட்டியே சுண்ணாம்பால் குறித்துக்கொடுக்க வேண்டும். பலகையை வாங்குவதற்காகக் கைப்பிடித் தடுப்பை அகற்றிவிட்டு விளிம்பில் நின்று ஃபோர்க்கை எட்டி இழுக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கயிறு மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

மற்றவை பலரும் அறிந்தவையே. சுமையுடன் நகரும்போது பூமைத் தாழ்த்தி உள்ளிழுத்திருக்க வேண்டும். பூம் வலப்புறம் இருப்பதால் அந்தப் பக்கம் ஓட்டுநருக்குத் தெரியாது என்பதை மனத்தில் கொண்டு, சைகை காட்ட ஒரே ஒருவரை நியமிக்க வேண்டும். பலகையின் மீது ஆளை நிறுத்திப் பூச்சு வேலை செய்விக்கக் கூடாது. தெருவோர மின்கம்பியின் அருகில் வேலை இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே பூமை நீட்ட வேண்டும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் பிளைவுட், தகரம் போன்ற அகலமான சரக்குகளைத் தூக்காமல் இருப்பது நல்லது.

கட்டடத் தொழிலாளர்களுக்கென நாடாளுமன்றம் 1996-இல் சட்டம் இயற்றியது. அதன்கீழ் தமிழ்நாடு 2006-இல் விதிகளை வகுத்தது. பளு தூக்கும் சாதனங்களைத் தகுதி பெற்றவர் சோதிப்பது, பாதுகாப்பான சுமை அளவை அவற்றின்மீது எழுதிவைப்பது ஆகியவை புதிய யோசனைகள் அல்ல. இவற்றைக் கண்காணிக்கத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நத்தம் சாலை மேம்பாலப் பணியில் கர்டர் விழுந்து வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தபோது நகரமே பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. அது வேறு வகைப் பணி. ஆயினும் பெரிய அரசுப் பணிகளில் கிடைக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்குகூட, மணிக்கணக்கில் வாடகை வண்டி வந்துபோகும் தனியார் தளங்களுக்குக் கிடைப்பதில்லை.

எனவே இயக்ககத்தையும் கட்டுமான ஒப்பந்தக்காரர் சங்கங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மதுரை மாவட்டத்தில் வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு டெலிஹேண்ட்லரிலும், அந்த மாடலுக்குரிய சுமை அட்டவணை தமிழிலும், பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் ஓட்டுநர்களுக்காக இந்தியிலும் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வாடகைச் சீட்டில் டன்னையும் மணிக்கணக்கு வாடகையையும் எழுதும் இடத்தில், தூக்கப்போகும் அதிகபட்ச எடை, வைக்கப்போகும் உயரம், முன் டயரிலிருந்து அந்த இடத்துக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றையும் தளப் பொறியாளர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். அவை அட்டவணைக்குள் அடங்காவிட்டால், எந்த முதலாளி சொன்னாலும் வண்டியை இயக்க மறுக்கும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு என்றும், மறுத்த நேரத்துக்கும் அவருக்குக் கூலி உண்டு என்றும் அதே சீட்டில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
திருநகர், மதுரை.