வெள்ளிக்கிழமை நெஞ்சடைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

பஞ்சு கேண்டி (சுமார் 356 கிலோ எடை) என்ன விலை, நூல் கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஏறியது என்பதெல்லாம் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. அந்தப் பஞ்சை நூலாக்குகிறவர்களின் நெஞ்சைப் பற்றி ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா கோவைப் பக்கம் ஒரு மில்லில் 26 வருடம் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவி இழையாக்கும் பிரிவில், இருந்தவர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாக இருக்கும், தாத்தா வந்துட்டார் என்று நாங்கள் சிரிப்போம். அவருக்கு வார லீவு வியாழன். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனால் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகிக்கொண்டு இருமல் வரும், சனி, ஞாயிறு போகப்போகக் குறைந்துவிடும். ஒரு நாள் ஓய்வெடுத்ததில் உடம்பு சொகுசு கண்டுவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். லீவு முடிந்து திரும்பும் நாளில் இப்படி அடைப்பதுதான் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸின் முதல் அடையாளம், ஞாயிறு லீவு விடும் ஊர்களில் அதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர் என்பது, அவர் நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் ஆஸ்துமா என்றார்கள், பீடி உண்டா என்றார்கள் (தொட்டதே இல்லை), ஒரு இடத்தில் ஆறு மாதம் காசநோய் மாத்திரையும் கொடுத்தார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எக்ஸ்ரேயை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், அவ்வளவுதான் வேலை.

மில்லில் வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு! பஞ்சோடு வரும் இலைத்தூளும் அதிலுள்ள பாக்டீரியா நச்சும்தான் வினையே, கர்சீப் கட்டினால் அது நிற்காது. அமெரிக்காவில் 1978-லேயே நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாது என்று விதி போட்டார்கள், அதற்கப்புறம் அங்கே இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. இங்கே இன்னும் ஏர் அடித்துத்தான் மெஷினைச் சுத்தம் செய்கிறார்கள், பக்கத்திலேயே ஆள் நிற்கும்போது.

சட்டம் இல்லாமலா? தொழிற்சாலைகள் சட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் தொழில்நோய்ப் பட்டியலில் எப்போதோ ஏறிய பெயர்தான் இது. ஆனால் சீட்டில் டாக்டர் ஆஸ்துமா என்று எழுதிவிட்டால் நஷ்டஈடும் இல்லை, கணக்கும் இல்லை. இப்போது புளோரூமில் (பஞ்சுப் பொதியைப் பிரித்துத் தூசி தட்டும் இடம்) நிற்கும் ஒடிசா, பீகார் பையன்கள் ரெண்டு மூன்று வருடத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், அவர்கள் இருமல் எந்தக் கணக்கில் வரும்?

மில் ஊர்களில் இருக்கும் டாக்டர்கள் இருமலோடு வருகிறவரிடம் என்ன வேலை, எந்த டிபார்ட்மென்ட், வார லீவு என்றைக்கு என்ற மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே எழுத வேண்டும். இதற்குச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளியின் மகள்,
கோவை