பாப்பா, நீ கேட்டதற்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். அம்மா சுகமாக இருக்கிறேன். மழை விட்டு இரண்டு நாளாகிறது. போன வாரம் போனில் நீ கேட்டதும், அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை பாப்பா. உனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது. "அம்மா, வகுப்பில் அந்தப் பரிணாமப் பாடத்தை நடத்தினபோது நீ அதை நம்புனியா?"

பேசினால் சுற்றி வளைப்பேன் என்று தோன்றியது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீயும் அந்த வகுப்பில் இருந்தாய், ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில். பரிணாமப் பாடத்தை நான் ஒரு நாள்கூடக் குறையில்லாமல் நடத்தியிருக்கிறேன். லாமார்க், டார்வின், புதைபடிவம், குதிரையின் கால் எல்லாம் கரும்பலகையில் படத்தோடு வரும். கடைசியில் சாக்பீசை வைத்துவிட்டு, "இதைப் பரீட்சைக்கு எழுதுங்க, மனசுல வச்சுக்கிட வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் சொல்வேன். வருஷா வருஷம் சொன்னேன், உனக்கும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்று போதிக்கிற வாத்தியார்கள் நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்று பிரசங்கியார் மேடையிலிருந்து சத்தம் போட்டார். என் அப்பா உபதேசியார். தேரிக்காட்டுச் சபைகளுக்குச் சைக்கிளில் போய் ஜெபம் நடத்தினவருடைய மகள் பிள்ளைகளைக் கெடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். அந்தப் பயம்தான் அப்படிப் பேசவைத்தது. 2023இல், மத்திய அரசின் பாடப்புத்தகங்களைப் போடுகிற என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அவர்கள் சொன்ன காரணத்தை நான் ஏற்கவேயில்லை. ஆனால் அவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்ததை நான் அதற்கு முன்பே பிள்ளைகளின் மனசிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் உண்மை, திங்கட்கிழமைக்கு வேறோர் உண்மை என்று உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், நம்பினேன். நம்பாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு அது புரிந்தது எலும்பைப் பார்த்து இல்லை, வைட்டமின் சியால். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் அதைத் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் தின்றாகவேண்டும். அதைச் செய்வதற்கு வேண்டிய மரபணு நமக்கு இல்லாமல் போகவில்லை, கெட்டுப்போன நிலையில் நம் உடம்பிலேயே கிடக்கிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் மற்றக் குரங்குகளுக்கும் அதே மரபணு அதேபோலக் கெட்டுக் கிடக்கிறது. கினிப் பன்றிக்கும் அது பழுதுதான், ஆனால் அங்கே பழுதான விதம் வேறு. இதைப் படித்த அன்றைக்கு நான் அரையாண்டுத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதினால் இருவரும் படித்திருக்கிறார்கள் என்று மார்க் போடுவோம். ஒரே கேள்வியில், ஒரே வரியில், ஒரே தப்பு இருந்தால் எந்த வாத்தியாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, இரண்டும் ஒரே தாளிலிருந்து வந்தவை. அப்புறம் குரோமோசோம், மரபணுக்களைச் சுமக்கிற இழை. பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 24 ஜோடி, நமக்கு 23. நம் இரண்டாவது குரோமோசோமுக்குள்ளே, தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்களின் முனைகள் ஒட்டிக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. உனக்கு இதெல்லாம் ஆனா ஆவன்னா. இருந்தாலும் அம்மாவுக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

சரி, அந்த ஐக்கியக் கூட்டத்து மூப்பர் உன்னிடம் சொன்னதை எடுத்துக்கொள்வோம். மறைந்துபோன மனித இனமான நியண்டர்தாலைப் பற்றிய ஆராய்ச்சியா, இரட்சிப்பா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்றாராமே. நீயும் இரண்டு மாதமாக ஆராதனைக்கே போகவில்லை என்கிறாய். அவருடைய பக்தியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வேதம் கேட்காத ஒன்றை வேதத்தின் பெயரால் உன்னிடம் கேட்டிருக்கிறார்.

ஆறு நாள் என்றால் ஆறு இருபத்துநாலு மணி நேரம்தான், பூமிக்கு வயது சில ஆயிரம் வருஷம்தான் என்பதே ஆதித் திருச்சபையின் ஒரே விசுவாசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்கிற வேத அறிஞர், சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வரும், புத்தியுள்ள யார் இதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் என்கிற பேராயர் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வானத்தையும் பூமியையும் மிருகங்களையும் பற்றிக் கிறிஸ்தவனல்லாதவனுக்கும் நல்ல அறிவு உண்டு, அவன் முன்னால் வேதத்தின் பேரில் தப்பாகப் பேசுவது வெட்கக்கேடு, தனக்குத் தெரிந்த காரியத்திலேயே இவர்கள் புத்தகம் தப்பு என்று நினைக்கிறவன் உயிர்த்தெழுதலைப் பற்றி அது சொல்வதை எப்படி நம்புவான் என்கிறார். டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு வருஷம் முன்பு எழுதியது இது! 1925இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் பரிணாமம் போதித்த வாத்தியார்மேல் வழக்கு நடந்தபோது அவருக்கு எதிராக வாதாடிய பிரையன்கூட, அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேரமாக இருக்கவேண்டியதில்லை என்று கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டார். சில ஆயிரம் வருஷப் பூமி என்ற வாதம் இன்றைய வேகத்தோடு பரவியது 1961க்குப் பிறகு, ஜலப்பிரளயத்தை வைத்து அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்தால். நான் கையில் வாங்கிய துண்டுப்பிரதிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். என் அப்பாவின் பிரசங்கத்தில் அது இருந்ததே இல்லை.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா பண்டிகைக்கு எங்களை இடையன்குடிக்குக் கூட்டிப்போவார். கால்டுவெல் ஐயர் கட்டிய கோயில், அவருடைய கல்லறை, எல்லாம் பார்த்து வருவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து வளர்ந்த குடும்பம் என்று 1856இல் அவர் எழுதினார் என்று அப்பா எத்தனை பெருமையாகச் சொல்வார்! மொழி மெல்ல மெல்ல மாறும், பிரியும், மூலமொழி மறைந்துபோகும், வம்சம் நிற்கும். அதற்கு மூன்று வருஷம் கழித்து டார்வின் உயிர்களைப் பற்றிச் சொன்னதும் இதே அமைப்புத்தான். மொழிகள் பிரிவதும் உயிரினங்கள் பிரிவதும் ஒன்றுபோல இருக்கிறது என்று 1871இல் அவரே எழுதினார். ஆதியாகமம் பதினோராம் அதிகாரமோ பாபேலில் கர்த்தர் இறங்கி பாஷையைத் தாறுமாறாக்கினார் என்கிறது. கால்டுவெல் பாபேலை மறுதலித்தார் என்று திருநெல்வேலியில் எந்தப் பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை. பாபேல் மனுஷனுடைய பெருமையைப் பற்றிப் பேசுகிறது, இலக்கணப் பாடம் நடத்தவில்லை என்று படிக்காத கிழவிகளுக்குக்கூடப் புரிந்திருந்தது. பதினோராம் அதிகாரத்தை அப்படி வாசிக்கத் தெரிந்த நமக்கு முதலாம் அதிகாரத்தை மட்டும் ஏன் அப்படி வாசிக்க வரவில்லை? அந்த அதிகாரத்திலேயே, "பூமியானது" முளைப்பிக்கக்கடவது, பிறப்பிக்கக்கடவது என்றுதானே தேவன் கட்டளையிடுகிறார்? வேலையைப் பூமியிடம் ஒப்படைத்த வார்த்தை அது.

நீ செக் நாட்டு ப்ருனோ ஊருக்குப் போய் அனுப்பிய படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். மெண்டல் பட்டாணி வளர்த்த மடம். டார்வினின் புத்தகம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவரிடம் இருந்தது, ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்துப் படித்திருக்கிறார். பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று தெரியாமல் டார்வின் தடுமாறிக்கொண்டிருந்தார். அதற்கான விடையை 1866இல் அச்சிட்டவர் ஒரு துறவி. அவரை யாரும் தோட்டமா ஜெபமா என்று கேட்டிருந்தால் உன் படிப்பே இருந்திருக்காது.

ஆனால் பாப்பா, முரண்பாடே இல்லை என்று எழுதி முடித்தால் நான் மறுபடியும் உன்னை ஏமாற்றுகிறேன். உரசுகிற இடம் உண்டு.

ஒன்று, ஆதாம். ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் வந்தது என்று ரோமர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். மனித இனம் ஒருபோதும் இரண்டே பேராகச் சுருங்கினதில்லை என்று உங்கள் மரபணுக் கணக்கு சொல்கிறது. ரோமன் கத்தோலிக்கரும் இதில் தயங்கித்தான் நடந்தார்கள். 1950இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், உடம்பு எப்படி வந்தது என்று ஆராயலாம், ஆத்துமாவைத் தேவன்தான் நேரடியாகச் சிருஷ்டிக்கிறார் என்றார். ஆனால் ஆதாம் ஒருவன் இல்லை, பலர் என்று சொல்ல இடம் கொடுக்கவில்லை. 1996இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்பதைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். என் எண்ணத்தைச் சொல்கிறேன். எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனுஷன்தான், மண்ணுக்கு உள்ள சொல்லோடு சேர்ந்த சொல். புசிக்கும் நாளில் சாகவே சாவாய் என்றவர் வார்த்தைப்படி அவன் அன்றைக்கு விழுந்து சாகவில்லை, தொள்ளாயிரத்து முப்பது வருஷம் இருந்தான் என்று அதே புத்தகம் சொல்கிறது. அப்படியானால் அந்த மரணம் மூச்சு நிற்பது மட்டும் இல்லை. தேவனை விட்டு ஒளிந்துகொண்டானே, அதுதான். அது எனக்குள்ளும் நடந்திருக்கிறது, அதற்கு எனக்குச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமானது. இத்தனை கோடி வருஷமாக இத்தனை சாவு ஏன்? டார்வினின் மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். உயிருள்ள புழுவுக்குள்ளே இருந்து அதைத் தின்று வளரும் குளவியை நல்ல தேவன் வேண்டுமென்று படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860இல் அவர் ஏசா கிரே என்கிற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு எழுதினார். கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர், டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடியவரும் அவர்தான். அப்படியும் டார்வின், ஒருவன் தேவனை உறுதியாக நம்பிக்கொண்டே பரிணாமத்தையும் ஏற்கலாம், அதைச் சந்தேகிப்பது அபத்தம் என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தன்னால் முடியாததை மற்றவனுக்கு அவர் மறுக்கவில்லை.

உன் அப்பாவுக்கு வந்த இரத்தப் புற்றுநோயும் ஒரு செல் தன்னைப் பிரதி எடுத்தபோது விழுந்த பிழைதான். அதே மாதிரிப் பிழைகள் இல்லாமல் உயிர்கள் மாறியே இருக்காது, நீயும் நானும் வந்திருக்க மாட்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை நினைத்து நான் தேவனிடம் கோபப்பட்டேன், இன்னும் சில ராத்திரி படுகிறேன். சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்ற வசனத்தை அடக்க ஆராதனையில் நம் சபை ஐயர் வாசித்தார். அதில் சாவு வேதனை என்று போடவில்லை, பிரசவவேதனை என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கோயிலுக்குப் போய்வருகிறேன். சிலுவையில் அறையப்பட்டவர் இந்த வேதனைக்கு வெளியே நின்று பார்க்கிறவர் இல்லை என்பதும் எனக்குப் போதுமாக இருக்கிறது. உனக்குப் போதுமா என்று நீதான் சொல்லவேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு சபைக்குப் போ. பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, போய் உட்கார். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு படித்த ஜெர்மன் ஊர் ஹாலே உனக்குப் பக்கத்து ஊர்தானே, ஒரு ஞாயிறு அங்கேயாவது போய்வா. சோதனைச்சாலையில் எலும்புத் தூளை எடுக்கும்போது, அதுவும் தேவன் ஊதின சுவாசத்தால் உயிர்த்திருந்தது என்று நினைத்துக்கொள். நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒன்றிரண்டு சதவீதம் நியண்டர்தால்கள் இருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அவர்கள் அந்நியர்களாகத் தோன்றவில்லை.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பெரிய பிள்ளைகளின் வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். டைனோசர் பற்றி யாராவது கட்டாயம் கேட்பான். இந்தத் தடவை நான் நம்புவதைத்தான் சொல்லப்போகிறேன். ஐயரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்க டீச்சர், நானும் வந்து உக்காருறேன்" என்றார். அந்த மரபணுப் படத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நீ வரைந்து அனுப்பினால் உதவியாக இருக்கும். இருபதாம் தேதிக்குள் வேண்டும்.

உன் அம்மா