பொடி வைக்காத நகைகள்

பிலடெல்பியா,
அக்டோபர் 2008

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெரிய நகைக்கடைகள் வந்தபிறகு உன் நகைப் பட்டறைக்கு ஆர்டர் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் இங்கே கலை அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடக்கிறது, உன்னைக் கையோடு இழுத்துப்போய்க் காட்ட வேண்டும்போல இருந்தது. அலெக்சாண்டர் கால்டர் என்ற சிற்பி செய்த நகைகள்.

தகடுகளைக் கம்பியில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடுமே, அந்த ‘மொபைல்’ சிற்பங்களால் பெயர் பெற்றவர். இந்த ஊரில் இவர் குடும்பத்துக்குச் சிற்பம் பரம்பரைத் தொழில். நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை தாத்தா செய்தது. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு வரும் வழியிலுள்ள நீரூற்று அப்பாவுடையது. அருங்காட்சியகப் படிக்கட்டுக்கு மேலே தொங்கும் வெள்ளை மொபைல் பேரனுடையது.

1976இல் இறப்பதற்குள் சுமார் 1,800 நகைகள் செய்திருக்கிறார். எட்டு வயதிலேயே தெருவில் கிடந்த செம்புக் கம்பியைப் பொறுக்கிவந்து அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தாராம். நீ கவனிக்க வேண்டியது இதுதான்: ஏறக்குறைய எதிலும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கவே இல்லை. கம்பியை வளைப்பார், சுத்தியலால் தட்டித் தட்டையாக்குவார், ஒன்றில் ஒன்றைக் கொக்கிபோல மாட்டுவார். பெரும்பாலும் பித்தளையும் வெள்ளியும்தான். உடைந்த கண்ணாடித் துண்டைக்கூடக் கம்பியால் சுற்றிப் பதக்கமாக்கியிருக்கிறார். சுத்தியல் தழும்புகளை மெருகேற்றி மறைக்கவும் இல்லை. உன் அப்பா பார்த்திருந்தால் ‘வேலை முடியலையே’ என்றிருப்பார். எனக்கென்னவோ அந்தத் தழும்புகள்தான் பிடித்தன.

1931இல் லூயிசாவைக் கட்டிக்கொள்வதற்கு முன் தங்கக் கம்பியில் சுருள் வைத்து ஒரு மோதிரம் செய்தார். கல்யாணத்துக்கும் அதுவே போதும் என்பது இவர் கணக்கு. அது நிச்சயதார்த்த மோதிரம்தான் என்று அம்மணி சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டு டாலருக்குக் கடையில் வேறொன்று வாங்கினார்கள். உலகப் புகழ் பெற்ற கைக்காரர் வீட்டிலும் கடைநகைதான் ஜெயித்தது, பார்.

‘பொறாமைக்காரக் கணவன்’ என்று ஒரு கழுத்தணி. சுருளும் முள்ளுமாகத் தோள்வரை விரிந்து நிற்கும் பித்தளைக் கம்பி. அதைப் போட்ட பெண்ணை யாரும் கிட்ட நெருங்க முடியாது. இது போட்டால்தானே தெரியும்! கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் போட்டு வைத்தபோது அது ஒரு குட்டிச் சிற்பமாக மட்டும் மாறிவிட்டது, கழுத்து இல்லை, மூச்சில்லை. சிற்பியின் நகையைக் காட்டும் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் எனக்கு இதே குறைதான். கால்டர் பெரும்பாலானவற்றை மனைவிக்கும் நண்பர்களுக்கும் பரிசாகத்தான் செய்தார். கலைப் படைப்புகளைச் சேகரித்த பெக்கி குகன்ஹைம் 1942இல் நியூயார்க்கில் தன் கேலரியைத் திறந்த அன்று, ஒரு காதில் கால்டரின் தோடும் மறு காதில் ஈவ் தாங்கி என்ற ஓவியரின் தோடும் போட்டுக்கொண்டு நின்றார். கால்டர் போன்ற அரூபக் கலைக்காரர்களுக்கும், தாங்கி போலக் கனவுலகை வரையும் சர்ரியலிஸ்டுகளுக்கும் நடுவே பாரபட்சம் இல்லை என்று காட்டவாம். அந்தத் தோட்டைத் தனியே பெட்டியில் வைத்தால் இந்தக் கதை எங்கே போகும்?

அதனால்தான் இப்படிப்பட்ட கண்காட்சிகளில் நகையைவிட, அதை அணிந்தவர்களின் புகைப்படம் முன்னால் அதிக நேரம் நிற்கிறேன். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளை வளைத்துப் பித்தளையில் ஒரு ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் ஊசிப் பதக்கம், செய்துகொடுத்தார் கால்டர். தலை நரைத்தபின் பித்தளை எடுக்கவில்லை என்று, அதேபோல வெள்ளியில் ஒன்றை நம் இந்தியாவில் செய்வித்துக்கொண்டார் அந்த அம்மையார். எந்த ஊர் ஆசாரியோ!

ஓ’கீஃபின் கணவர் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். அவர் இறந்தபின், 1949இல், ஓ’கீஃப் அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இருந்ததில் நல்ல பிரதியாகத் தேர்ந்து வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். 1980இல் தன் உருவப்படங்களையும் சேர்க்க, மொத்தம் 1,642. கால்டரின் நகைகள் பல வீடுகளுக்குச் சிதறின. இவையோ ஒரே கூரைக்கடியில். புகைப்படம் கலையா என்று அருங்காட்சியகங்கள் தயங்கிய காலமும் உண்டு. 1924இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஸ்டீக்லிட்ஸ் நன்கொடையாகக் கொடுத்த 27 படங்களை ஏற்றபோது, அதற்குப் பாடுபட்டவர் யார் தெரியுமா? நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி! கொழும்பில் பிறந்தவர், முத்து குமாரசுவாமியின் மகன், அங்கே இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலங்கைக் கைவினைஞர்களின் வேலையை ஊர் ஊராகப் பார்த்து எழுதியவருக்குக் கேமராக்காரரின் கைவேலையும் புரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கால்டரும் இந்தியா வந்திருக்கிறார். 1955இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கிச் சிற்பங்களும் சில நகைகளும் செய்தார்.

கண்காட்சி அடுத்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. கேட்லாக் வாங்கி வைத்திருக்கிறேன், தை மாதம் ஊருக்கு வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். படங்களைப் பார்த்து, எந்தக் கொக்கி நிற்கும், எது நாலு நாளில் கழன்றுவிழும் என்று உன் தீர்ப்பைச் சொல். மீனாவுக்கு வேலை கிடைத்ததா? அப்புறம், கண் டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதை மட்டும் இந்தமுறை மழுப்பாமல் எழுது.

அன்புடன்,
ராகவன்