ஆனைமலைக்குப் பறவை பார்க்கச் செல்வோருக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையை ஒட்டி வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் பறவை பார்க்கச் செல்லவிருப்பதாகச் சொல்லி, நம் கடையில் 20×50 பைனாகுலர் கேட்போர் இப்போது பெருகியுள்ளனர். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவது எங்களுக்கு எளிது. ஆயினும் அந்தக் கருவி மலைக்காட்டுக்கு ஏற்றதன்று என்பதால், அதற்கான காரணத்தை எழுதித் தெரிவிப்பதே முறையெனக் கருதுகிறோம்.

வடசென்னைக்காரர்களான நாம் பெரும்பாலும் பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பறவை பார்த்துப் பழகியவர்கள். அங்கே பூநாரைகள் கரையிலிருந்து வெகுதொலைவில், மறைப்பேதுமில்லாத நீர்ப்பரப்பில், நல்ல வெயிலில் நிற்கும். உருப்பெருக்கம் கூடிய கருவியை முக்காலியில் பொருத்திப் பார்ப்பது அவ்விடத்துக்குச் சரி. 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட ஆனைமலையிலோ, பறவை சில அடி தூரத்திலேயே, காலை வெயில் ஏறிய பிறகும் இருள் விலகாத புதருக்குள் இருக்கும்.

பைனாகுலரில் பொறித்துள்ள முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்புற லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 20×50 கருவியில் இது 2.5 மில்லிமீட்டர், 8×42 கருவியில் 5.25 மில்லிமீட்டர். கடற்கரை வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால் 20×50 கருவியின் ஒளிக்கற்றை குறுகியிருக்கும் குறை தெரிவதில்லை. சோலைக்காட்டின் நிழலில் கண்மணி விரிந்துகொடுக்கும்போதுதான், அதே கருவியில் பறவை கரிய உருவாக மட்டும் தெரிகிறது. (வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறையும் என்பதையும் மூத்தவர்கள் கணக்கில் கொள்க.) அன்றியும், இருபது மடங்கு உருப்பெருக்கத்தில் கைநடுக்கமும் இருபது மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகிவிடும். கிளைக்குக் கிளை தாவும் நீலகிரி ஈப்பிடிப்பானை அந்தக் குறுகிய பரப்புக்குள் கொண்டுவருவதற்குள் அது பறந்துபோயிருக்கும். அசையாமல் அமர்ந்திருக்கும் தீக்காக்கையைக்கூட அகன்ற பார்வைப் பரப்பில் தேடுவதே எளிது. மலை இருவாச்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் சிறகோசையே முதலில் வந்து சேரும், வெறுங்கண்ணுக்கும் தெரியும்.

இருவாச்சிக் கூட்டைக் காண விரும்புவோருக்கு மட்டும் எங்கள் ஆலோசனை வேறு. ஆண்டின் தொடக்க மாதங்களில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கையில், அதற்கு இரை கொண்டுவருவது ஆண் பறவையே. ஆள் நடமாட்டம் கண்டு அது விலகிப் போனால் உள்ளிருக்கும் பெட்டையும் குஞ்சும் பட்டினி கிடக்க நேரிடும். எனவே வனத்துறை வழிகாட்டி நிறுத்தும் இடத்தில் நின்று, முக்காலியில் வைத்த ஒற்றைக்கண் தொலைநோக்கியால் பார்ப்பதே தகும். பறவைக் குரலை ஒலிபரப்பி அழைக்கும் சிறு ஒலிபெருக்கி கேட்போர் எங்களைப் பொறுத்தருள வேண்டும். அதை நாங்கள் விற்பதில்லை.

ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்குவது வழக்கம். உட்புறம் நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியில் உள்ளே பனி படியாது. வெளிப்புற லென்ஸில் படிவதை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கலாம். திரும்பி வந்ததும் ஈரத்தோடு உறையில் மூடி வைக்காதீர்கள். ராயபுரம் போன்ற கடலோரப் பகுதியின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை படர்வதற்கு அதுவே போதும். நன்கு உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

ஏற்கெனவே 20×50 வாங்கியவர்கள் மலைப் பயணத்துக்கென்று புதிதாக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. 8×42 பைனாகுலர்களை நாள் வாடகைக்குத் தருகிறோம். புறப்படுவதற்குச் சில நாள் முன்னரே கடைக்கு வந்தால், உங்கள் இரு கண்களின் பார்வைக்கும் ஏற்பக் கருவியைச் சரிசெய்து, கையில் கொடுத்துப் பழக்கியே அனுப்புவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
ராயபுரம், சென்னை.