பல் சிகிச்சைக்குக் காப்பீடு எப்போது கிடைக்கும்? முதல் பக்கத்தில் தமிழில் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டிவருபவர்களில் பலர், பல் சிகிச்சைக்கு ஆகும் செலவும் அதில் கிடைத்துவிடும் என்றே நம்பியிருக்கிறார்கள். பாலிசியை விற்கும்போது 'பல்லும் இதில் அடங்கும்' என்று முகவர் சொல்வதும், பாலிசிப் புத்தகத்தில் பல் சிகிச்சை என்ற சொற்கள் அச்சாகியிருப்பதும் அந்த நம்பிக்கையை வளர்த்துவிடுகின்றன. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்து, பல்லின்மேல் உறைபோல் பொருத்தும் கேப்பும் போட்டு, ரசீதுகளை அனுப்பிய பிறகுதான் கிளெய்ம் மறுக்கப்பட்ட செய்தி வருகிறது. இதை நோயாளியின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அவருக்குப் புரியும் மொழியில், பணம் கட்டும் முன்பே யாரும் நிபந்தனையைச் சொல்லாததுதான் காரணம்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்னும், நிறுவனம் எதுவானாலும் ஒரே நிபந்தனைகள் கொண்ட பொதுப் பாலிசியையே எடுத்துக்கொள்ளலாம். நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சைக்கு அதில் இடம் உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைச் செலவுகளின் கீழ்தான் வருகிறது. சேர்வது என்றால் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருப்பது. அதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும் சில சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சைகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. பல்லைச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, கேப் ஆகிய எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்துகொண்டு வீடு திரும்பும் சிகிச்சைகள். ஆகவே இரு சக்கர வாகன விபத்தில் தாடை உடைந்தவருக்கும், பல்லிலிருந்து சீழ் கழுத்துவரை பரவி மருத்துவமனையில் படுத்தவருக்கும் பயன்படும் அந்தப் பிரிவு, ஊரில் பெரும்பாலோருக்கு வரும் பல்வலிக்குப் பயன்படுவதில்லை.

சொத்தை என்பது காத்திருக்கும் நோய் அல்ல. மேற்பூச்சில் சிறு குழியாக இருக்கும்போது அடைத்துவிட்டால் ஒரே முறையில், சில நூறு ரூபாயிலோ சற்றுக் கூடுதலாகவோ முடிந்துவிடக் கூடியது, உள்ளே நரம்புப் பகுதிவரை போய்விட்டால் வேர் சிகிச்சையாகவும், அதன்மேல் கேப்பாகவும், பல்லே போய்விட்டால் பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் பாலமாகவோ, தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளாண்டாகவோ வளர்ந்து பல ஆயிரங்களைக் கேட்கிறது. இத்தனை படிகளிலும் ஒதுங்கி நிற்கும் காப்பீடு, சீழ் பரவி உயிருக்கே ஆபத்து என்ற கட்டத்தில்தான் வருகிறது. மருத்துவ நோக்கிலும் கணக்கு நோக்கிலும் இந்த ஏற்பாடு தவறானது என்பது என் உறுதியான கருத்து. பல்லை உடலிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் சரியன்று. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிறது. சர்க்கரை கட்டுக்கு அடங்காவிட்டால் ஈறு மேலும் கெடுகிறது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் கிருமி எதிர்ப்பு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

புறநோயாளிச் செலவுக்கென்று கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு தரப்படும் இணைப்புகள் இப்போது சந்தையில் உள்ளன. அவற்றை வாங்கும் முன் காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஆண்டு வரம்பு பல்லுக்கு மட்டுமா அல்லது மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்தா, நம் ஊரில் எந்தப் பல் மருத்துவமனை அந்த நிறுவனம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறது என்பவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல்லை வெண்மையாக்குவது போன்ற அழகுச் சிகிச்சைகளைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறார்கள். கூடுதல் பிரீமியமே ஆண்டு வரம்பை நெருங்குமானால், அந்தத் தொகையை அஞ்சலகத்தில் போட்டு வைப்பது மேல்.

பல் மருத்துவரிடம் போகும்போதும் நாம் கேட்கத் தயங்குகிறோம். எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், கேப் உலோகமா பீங்கானா ஜிர்கோனியாவா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்பதைத் தொடங்கும் முன்பே எழுதித் தரச் சொல்வது நோயாளியின் உரிமை. வேர் சிகிச்சைக்குச் சொன்ன தொகையில் கேப்பும் அடக்கம் என்று எண்ணி, பாதியில் பணமில்லாமல் நிறுத்திவிட்டு, சில மாதங்களில் அந்தப் பல் பிளந்து பிடுங்க நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்பு வலுவுக்குப் போடும் ஊசி ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நாமாக நிறுத்தவும் கூடாது. தனியார் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு 1953 முதல் இயங்கிவரும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் இருக்கின்றன.

பாலிசியின் முக்கிய நிபந்தனைகளை எளிய நடையில் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் திருத்திய வடிவில் தர வேண்டும் என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். ஆனால் அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்? தமிழகத்தில் விற்கும் ஒவ்வொரு பாலிசிக்கும் கேட்காமலேயே தமிழ்த் தாள் தரப்பட வேண்டும். மருத்துவமனையில் சேராமல் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்குப் பணம் உண்டா இல்லையா என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பொதுப் பாலிசியில் ஆண்டுக்கு ஒரு பல் பரிசோதனையையும் சொத்தை அடைப்பதையும் சேர்க்க ஆணையம் முன்வர வேண்டும்.

வாங்கிய பாலிசி ஒத்துவராவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்பதும், கிளெய்ம் மறுப்பு குறித்து நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞர் இல்லாமலேயே போகலாம் என்பதும் பரவலாகத் தெரியவில்லை. தங்கள் நாளிதழ் முன்னணி நிறுவனங்களிடம் பல் சிகிச்சை நிபந்தனைகளைக் கேட்டுப் பெற்று, ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஓர் அட்டவணையாக வெளியிட்டால், பாலிசியைப் புதுப்பிக்கப் போகும் வாசகர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.