காதில் விழுந்த சொல்லையும் அகராதியில் தேட வழி செய்யுங்கள்

தமிழ் மின்னகராதிகளை உருவாக்கிவரும் பல்கலைக்கழகத் துறையினருக்கும் மென்பொருள் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் அப்பத்தா சொன்ன 'தாவாரம்' என்ற சொல்லுக்குப் பொருள் அறிய, கைபேசியில் இருந்த அகராதி ஒன்றில் அதை அப்படியே தட்டினாள். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று வந்தது. 'தாழ்வாரம்' அதே அகராதியில் இருக்கிறது. ஆனால் அதன் எழுத்து தெரியாததால்தானே அவள் அகராதியிடம் போனாள்! 1936இல் 6 தொகுதிகளாக நிறைவுபெற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் காதால் கேட்டு வருபவரும் எட்டும்படி செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒலிவழித் தேடல் என்றதும் பலரும் சவுண்டெக்ஸ் முறையை எடுத்துக்கொள்கிறார்கள். ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த முறை, ஆட்பெயர்களை ஒலிப்படி வகைப்படுத்துவதற்காகப் பிறந்தது. முதலெழுத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பின்வரும் உயிரொலிகளை விட்டுவிட்டு, மெய்யொலிகளை எண்களாக்கிவிடும். தமிழில் அப்படிச் செய்தால் கல், கால் இரண்டும் ஒன்றாகிவிடும். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்தாலோ கேள், கூழ்கூட அவற்றோடு சேர்ந்துவிடும். நம் மொழியில் குறில், நெடில் வேறுபாட்டை அழிக்கவே கூடாது. முதலெழுத்தோ நம் பேச்சில் அடிக்கடி மாறுகிறது: அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் இடம் 'எடம்' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது, உலக்கை 'ஒலக்கை' ஆகிறது. சவுண்டெக்ஸ் காப்பாற்றுவதை நாம் நெகிழவிட வேண்டும். அது கைவிடுவதை நாம் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே விதிகளைத் தமிழ்ப் பேச்சிலிருந்தே எழுதுங்கள். ல, ள, ழ ஒரு குழு. ர, ற ஒரு குழு. ந, ன, ண ஒரு குழு. காற்று 'காத்து' ஆவதையும், ஐந்து 'அஞ்சு' ஆவதையும், தலை 'தல' ஆவதையும் தனி விதிகளாகச் சேர்த்து, அகராதியின் ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் ஒலிச் சாவியை, அதாவது அந்த விதிகளின்படி கிடைக்கும் ஒலிக் குறியீட்டை, முன்கூட்டியே கணித்து வைத்துவிட்டால், தேடும் சொல்லையும் அதே விதிகளுக்கு உட்படுத்தி ஒப்பிடுவது சாதாரணக் கைபேசிக்கும் எளிது. விதித் தொகுப்பு ஒன்று மட்டும் போதாது. சென்னைப் பேச்சில் ழகரம் யகரமாகி 'வாயப்பயம்' கேட்கிறது. யாழ்ப்பாணத்தாரோ 'காத்து' என்று சொல்வதில்லை, அவர்கள் றகர இரட்டிப்பைத் தனி ஒலியாகவே காக்கிறார்கள்.

ஒலியோடு சேராத ஒன்றையும் கவனியுங்கள். ஔவையாரை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவோர் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல்.

இத்தகைய தேடல் பிழையாக எழுதப் பழக்கிவிடும் என்று சில தமிழாசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நானும் தமிழாசிரியர்தான், எனக்கு அந்த அச்சம் இல்லை. 'பலம்' என்று தட்டியவருக்கு முதலில் பலத்தையும் அடுத்து பழத்தையும் பொருளோடு காட்டினால், சரியான எழுத்தை அவர் அங்கேயே கண்டுகொள்வார். 'சொல் இல்லை' என்ற பதில் அவருக்கு எதையும் கற்பிப்பதில்லை.

விதிகளை வெளிப்படையாக வெளியிடுங்கள். அந்தந்த வட்டாரத்தார் படித்துத் திருத்தட்டும். எங்கள் மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரும் பேச்சு வடிவங்களை, நீங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்