இன்ஜின் லைட் எரிந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார்கள். அவற்றின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். சிலர் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் காரில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகி, அதில் எந்த சென்சாரின் பெயர் வருகிறதோ அதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டிலும் கார்க்காரரின் பணம்தான் வீணாகிறது.

சமீபத்தில் கோவில்பட்டியில் இருந்து ஓர் ஆசிரியை தன் 2014 மாடல் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் விளக்கு திரும்ப எரிந்திருக்கிறது. மாட்டியது டூப்ளிகேட்டாக இருக்கும் என்று சொல்லி இன்னொன்றையும் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதற்கும் அணையவில்லை. ஸ்கேனரில் வந்த நம்பர் பி 0135. முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்பதுதான் அதற்கு அர்த்தம். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடேற்றத்தான் உள்ளே ஹீட்டர். அந்தச் சுற்றில் சென்சார் மட்டுமா இருக்கிறது? ஃபியூஸ், கனெக்டர், வயர் எல்லாம் இருக்கின்றன. எது போனாலும் இதே நம்பர் வரலாம்.

நல்லவேளையாக, முதலில் கழற்றிய சென்சாரை டீச்சர் கேட்டு வாங்கி காரிலேயே வைத்திருந்தார். மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் நன்றாகவே இருந்தது. அப்புறம் கனெக்டரைப் பிரித்து, இன்ஜினை ஓடவிட்டு, சப்ளை பின்னில் வோல்ட் பார்த்தேன். கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. ஃபியூஸும் சரியாக இருந்தது. வயரைக் கையில் பிடித்தபடியே தேடிப்போனால், பேட்டரி தட்டுக்குப் பின்னால் எலி கடித்து செம்புக் கம்பி அறுந்து கிடந்தது. பக்கத்திலேயே காய்ந்துபோன தேங்காய்ச் சில். அறுந்த இடத்தைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டதும் சப்ளை வந்தது, பிறகு விளக்கும் அணைந்தது. முதலிலேயே மல்டிமீட்டரை எடுத்திருந்தால் இரண்டு சென்சாரின் விலை மிச்சமாகியிருக்கும். பழைய சென்சாரையே திரும்ப மாட்டியிருந்தாலும் கார் ஓடியிருக்கும்.

எலி எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் கூடவே உப்புக் காற்றும் உண்டு. கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். பாடியில் எர்த் வயர் முறுக்கிய போல்ட் துருப்பிடித்திருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோளாறுகளை ஸ்கேனர் ஒரே நேரத்தில் காட்டினால் நான் முதலில் பார்ப்பது அந்த எர்த்தைத்தான். உப்புத்தாளும் ஸ்பேனரும் இருந்தால் போதும், பல நேரம் வேலை முடிந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டுவது ஏன் தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோளாறு பதிவாகும் அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, ரேடியேட்டர் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்தே எழுதி வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்போம். பல பழைய கார்களில் பேட்டரியைக் கழற்றினால் நம்பரோடு இதுவும் அழிந்துவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் வந்த கோளாறா, நான்கு வழிச்சாலையில் ஏசி போட்டு ஓட்டும்போது வந்ததா என்பது தெரியாமல் மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

பி 0171 என்று ஒன்று அடிக்கடி வருகிறது. காற்றின் அளவுக்கு பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். பெட்ரோல் பம்பில் பிரஷர் குறைந்தாலும் வரும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்தாலும் வரும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கேஸ்கட் கசிந்து வெளிக்காற்று உள்ளே போனால்கூட வரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் அதே காற்றுக்கு கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. பம்ப் ஏற்கெனவே தளர்ந்த பழைய காரில் அந்தக் கூடுதல் கிடைக்காமல் விளக்கு எரியலாம். இத்தனை காரணம் இருக்க, ஸ்கேனரைப் பார்த்த கையோடு ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போடுவது என்ன நியாயம்?

விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடினால், பதறாமல் மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். அதை மாற்றப் பல ஆயிரம் ஆகும். ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கோளாறு பி 0301 என்றால் முதல் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும், பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயில் தனித்தனியாக இருக்கிற காரில், முதல் காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். அடுத்து பி 0303 வந்தால் காயில்தான் போயிருக்கிறது. அதே 0301 வந்தால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். பத்து பைசா செலவில்லாத சோதனை இது. சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் அது வேறு கதை; அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் பண்ணும் முன், இந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், கோளாறுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைக்கூடப் பல கார்களில் செல்போனிலேயே பார்க்கலாம். வெறும் பத்து இருபது கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களிடம் காட்டுவதற்காகவே அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பட்டறையில் கார் விடும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: ஸ்கேனரில் வந்த நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள், அந்த பார்ட்தான் போயிருக்கிறது என்பதை எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள், கழற்றிய பார்ட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை பார்க்கிற எந்த மெக்கானிக்கும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

புகைப் பரிசோதனை மையம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கு எரிகிற கார்கூட அந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். அதனால் குழாயைச் செருகும் முன் டேஷ்போர்டை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சான்றிதழ் கொடுக்கும்போதே “இன்ஜின் லைட் எரியுது, மெக்கானிக்கிட்ட காட்டிருங்க” என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
தூத்துக்குடி.